மத்தியானம் சொன்ன பதில்

பை காலை இடிக்குதா அண்ணாச்சி? இடிச்சா சொல்லுங்க, மடியில வெச்சுக்கிறேன். பெருசா ஒண்ணும் இல்லை, ரெண்டு வேட்டியும் ஒரு புடவையும்தான். புடவை என் வீட்டுக்காரிக்கு. கோவில்பட்டியில அவ அக்கா வீட்ல இருக்கா. கூட்டிட்டு வரலாம்னுதான் இந்த பஸ்ஸுல ஏறினேன். சண்டையா, கோவமான்னு கேக்காதீங்க, சண்டையெல்லாம் இல்லை. ஒரு சீரியலைப் பாத்துட்டுப் போயிட்டா. நிஜமாத்தான் சொல்றேன். டிவியில ஒருத்தன் போயிட்டு வான்னு சொன்னான், இவ பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா. அவன் பேசின வசனத்தை எழுதினவன் நான். அதான் கூத்து.

ஆமா, சீரியலுக்கு வசனம் எழுதுறவன்தான். சென்னையில, சாலிகிராமத்துல குடியிருக்கேன். பேரு வெயிலுமுத்து. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, எங்க பேரு திரையில ஓடுற நேரத்துல ஜனங்க அடுப்புல என்ன வெச்சோம்னு பாக்கப் போயிருவாங்க. ஆனா உள்ளுக்குள்ள எனக்கு ஒரு பேரு உண்டு. பொம்பளை பேசுற சீன்னா வெயிலுமுத்துகிட்ட குடுன்னு சொல்லுவாங்க.

ஆம்பளை வசனம் எழுத ஒண்ணுமே கிடையாது அண்ணாச்சி. 'காபி.' 'கிளம்பு.' 'அவனை வரச் சொல்லு.' முடிஞ்சது. ரொம்பப் பாசமான புருஷன்னா, 'சாப்டியா'ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கலாம். அதுக்கே பாக்குறவங்க கண்ணைத் துடைச்சுக்குவாங்க. பொம்பளை வசனம்தான் கஷ்டம். நல்ல குடும்பத்துப் பொண்ணு தனக்கு ஒண்ணு வேணும்னா வாயைத் திறந்து வேணும்னு கேட்ருவாளா? மழை வர்ற மாதிரி இருக்குன்னு ஆரம்பிக்கணும். உங்களுக்குத் தெரியாததான்னு அவனைக் கொஞ்சம் தூக்கி வைக்கணும், எனக்கு என்ன தெரியும்னு தன்னைக் கொஞ்சம் எறக்கிக்கணும். அப்புறம் விஷயத்தைச் சொல்லி, சொன்ன கையோட திருப்பி எடுத்துக்கணும். 'சும்மா சொன்னேன், மனசுல வெச்சுக்காதீங்க.' இவ்வளவும் வரணும், ஆனா ஜவ்வா இழுக்கக் கூடாது.

நேரா கேட்டான்னா அவ வில்லி. புதுசா ஒரு பொம்பளை கேரக்டர் வீட்டுக்குள்ள வந்து, 'எனக்கு அந்த ரூம் வேணும்'னு சொன்னாப் போதும், மியூசிக்கே வேண்டாம், இவ குடும்பத்தைக் கெடுக்க வந்தவன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுரும். ஆம்பளைக்கு அப்படியே தலைகீழ். ஒருத்தன் பொண்டாட்டிகிட்ட, 'உனக்குச் சிரமம் இல்லைன்னா...'ன்னு தணிஞ்சு ஆரம்பிச்சான்னு வைங்க, இவனுக்கு வெளியில ஏதோ தொடுப்பு இருக்குன்னு ஜனங்க முடிவு பண்ணிருவாங்க. இதெல்லாம் நான் போட்ட சட்டம் இல்லை அண்ணாச்சி. இருக்கறதை எழுதறேன்.

இதை எங்க கத்துக்கிட்டீங்கன்னு செட்ல கேப்பாங்க. எங்க கத்துக்க? வீட்லதான். என் வீட்டுக்காரி செண்பகவல்லி இருக்காளே, அவ பேச ஆரம்பிச்சா நான் பேனாவை எடுத்துருவேன். எங்க வீட்டு ஃபேன் ஒரு தடவை கடகடன்னு சத்தம் போட ஆரம்பிச்சுது. மாத்தணும்னு அவ சொல்லலையே. 'இதுவும் பாவம், எம்புட்டு நாளைக்குத்தான் சுத்தும்'னு சொன்னா. அடடான்னு இருந்துச்சு எனக்கு. அதை அப்படியே மருமக வாயில வெச்சேன், செட்ல மாமியாரா நடிச்ச அம்மா கிளிசரின் இல்லாம அழுதாங்க. ஃபேனா? மாத்தினோமா என்னன்னு ஞாபகம் இல்லை. அவளே யாரையாவது வெச்சு மாத்தியிருப்பா.

அவளுக்கு இதுல வருத்தம் இருந்ததா எனக்குத் தெரியலை. ஒரு நாள் சீரியல் பாத்துட்டு இருந்தவ திரும்பி, "இது நான் சொன்னதுல்லா?"ன்னா. "ஆமா, ஊரே கேக்குது, பெருமையா இல்லையா?"ன்னேன். "பெருமைதான்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயி துணி காயப்போட்டா. எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவ பேச்சுக்கு நான் ஒரு ஆள்தான், என் எழுத்துக்கு அவ ஒரு ஆள்தான். நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு.

இப்ப இந்த விஷயம். அவ அக்கா கோவில்பட்டியில கடலைமிட்டாய் போடுறாங்க. வீட்டுக்காரர் தவறிட்டாரு, ஒண்டிக்கட்டை. நான் உள்ளறையில எழுதிக்கிட்டு இருக்கேன், இவ டீயைக் கொண்டாந்து வெச்சுட்டு நிக்கிறா. போகலை. கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நின்னுட்டு சொன்னா பாருங்க: "உங்க எழுத்து கெடாதுன்னா ஒண்ணு சொல்லட்டுமா? உங்களுக்குத் தெரியாதது இல்லை. அக்கா ஒத்தையில கெடக்கா. பாகு கிண்ட கை தூக்க முடியலையாம், நேத்து போன்ல சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, எனக்குத்தான் மனசு கேக்கலை. நான் போயி கொஞ்ச நாள் கூட இருந்தா அவளுக்கும் ஆசுவாசம், எனக்கும்... எனக்கு என்ன, நான் எங்க இருந்தா என்ன. உங்க சாப்பாடுதான் யோசனையா இருக்கு. வேண்டாம்னா வேண்டாம். சும்மா சொன்னேன்."

கேட்டீங்களா அண்ணாச்சி? அந்த 'எனக்கும்'னு சொல்லி நிறுத்தினா பாருங்க. அதை எந்த எழுத்தாளனும் உக்காந்து யோசிச்சு எழுத முடியாது. நான், "இன்னொரு தடவை சொல்லு, மாத்தாமச் சொல்லு"ன்னேன். அவ முகம் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு. முதல்ல இருந்து மறுபடியும் சொன்னா. ஒரு வார்த்தை மாறலை. நான் எழுதிக்கிட்டேன். "போதும்"னேன். அவ கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு டம்ளரை எடுத்துட்டுப் போயிட்டா. டீயை நான் இன்னும் குடிக்கவே இல்லை, அதைப் போய் எடுத்துட்டுப் போயிட்டா.

பதிலா? அவ எங்க கேட்டா, பதில் சொல்ல? சும்மா சொன்னேன்னுதான சொன்னா?

சரி. அந்த நேரம் பாத்து எங்க கதையிலயும் கதாநாயகி யாழினி அக்கா வீட்டுக்குப் போகணும்னு கேக்குற கட்டம் வந்துச்சு. செண்பகவல்லி சொன்னதை அப்படியே தூக்கி அதுல வெச்சேன். பாகு கிண்டுறதை மட்டும் தையல் மெஷின்னு மாத்தினேன். புருஷன் பரணிக்கு எப்பவும் போல, 'அப்புறம் பாக்கலாம்'னு எழுதினேன். சேனல்ல கதை பாக்குற அம்மா ஒருத்தங்க இருக்காங்க, நிவேதிதான்னு, சின்ன வயசுதான். பேப்பரைப் படிச்சுட்டு கூப்பிட்டாங்க. "சார், யாழினி வசனம் பிரமாதம். ஆனா பரணி பதில் நல்லா இல்லை. இவ்வளவு கேட்டுட்டு நிக்கிறா, இவன் இப்படிப் போனா லேடீஸ் எல்லாம் சேனலை மாத்திருவாங்க. ஒரு நல்ல பதிலா சொல்லச் சொல்லுங்க"ன்னாங்க. நல்ல பதில்னா எப்படி மேடம்னு கேட்டேன். "அவளுக்குக் கேக்கணும்னு ஆசையா இருக்குற பதில்"னாங்க.

அதை எழுத எனக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. அதுதான் இப்ப நினைச்சா ஆச்சரியமா இருக்கு. 'இதைக் கேக்க நீ இவ்வளவு சுத்தணுமா? உன் அக்கா, உன் மனசு. போயிட்டு வா. எவ்வளவு நாள் இருக்கணும்னு தோணுதோ அவ்வளவு நாள் இரு. நான் இங்க சமாளிச்சுக்குவேன்.' எழுதிக் குடுத்துட்டேன். பரணியா நடிக்கிற பையனால அதைச் சொல்லவே முடியலை. ஓரத்துல நின்னு உதவி டைரக்டர் வரி வரியா எடுத்துக் குடுக்குறாரு, இவன் வாங்கிச் சொல்றான், பாதியில சிரிச்சுடறான். "சார், எந்த ஆம்பளை சார் இப்படிப் பேசுவான்?"னு என்கிட்ட வந்து கேக்குறான். "எவனும் பேச மாட்டான், நீ பேசு, சம்பளம் குடுக்குறாங்கல்ல"ன்னேன். டேக் மேல டேக் போயி, கடைசியில சொன்னான். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

அது ஒளிபரப்பான அன்னைக்கு நான் சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன், வாசல்ல பெட்டி. பட்டுப்புடவை எல்லாம் கட்டலை, சாதாப் புடவைதான். தலை வாரி, பூ வெச்சு, செருப்பு மாட்டிக்கிட்டு நிக்கிறா. "எங்க?"ன்னேன்.

"அக்கா வீட்டுக்கு. நீங்கதான் போகச் சொல்லிட்டீங்களே."

"நான் எப்ப சொன்னேன்?"

"இன்னைக்கு மத்தியானம். நல்லாச் சொன்னீங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு."

"அடியே, அது பரணி சொன்னதுடி!"

"எழுதினது நீங்கதான?"

நான் எழுதலைன்னா சொல்ல முடியும்? என் பேரு ஓடுதே. "எத்தனை நாள்?"னு கேட்டேன். "எவ்வளவு நாள் தோணுதோ அவ்வளவு நாள் இருக்கச் சொல்லிருக்கீங்க"ன்னா. கிண்டலாச் சொன்ன மாதிரியும் தெரியலை, சிரிச்ச மாதிரியும் தெரியலை. மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, பால்காரருக்குச் சொல்லிட்டேன், ரேஷன் கார்டு பீரோவுல மேல் தட்டுன்னு எல்லாம் சொல்லிட்டு, ஆட்டோ வந்ததும் ஏறிட்டா. பாவம் அண்ணாச்சி, கதைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம். இத்தனை வருஷம் ஒரு எழுத்தாளன் கூடக் குடும்பம் நடத்தியும் அது தெரியலை பாருங்க.

ரெண்டு வாரத்துல வந்துருவான்னு நினைச்சேன். தீபாவளி போச்சு. பொங்கல் போச்சு. பொங்கலுக்கு ஒரு டப்பா கடலைமிட்டாய் கூரியர்ல வந்துச்சு, நான் பிரிக்கலை, வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டேன். எனக்கு அழுகையும் வரலை, கோவமும் வரலை. பல் புடுங்கறதுக்கு ஊசி போடுவாங்கல்ல, அப்புறம் கன்னத்தைத் தொட்டா நம்ம கன்னம் மாதிரியே இருக்காது. அப்படித்தான் இருக்கு. காலையில எந்திரிக்கிறேன், ஓட்டல்ல இட்லி வாங்குறேன், டிவியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். என்ன ஓடுதுன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

வேலைதான் கெட்டுப்போச்சு. எழுத உக்காந்தா பொம்பளைங்க எல்லாம் தாசில்தார் ஆபீஸ் ஆளுங்க மாதிரிப் பேசுறாங்க. 'எனக்குப் பணம் தேவை.' 'நாளைக்கு வரவும்.' நிவேதிதா அம்மா ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க, "சார், உங்க பேனாவுக்கு உடம்பு சரியில்லையா?"ன்னு. இப்ப எனக்கு ஒத்தாசைக்குன்னு ஒரு பொண்ணைப் போட்டிருக்காங்க. அது எழுதுற பொம்பளைங்க நேரா பேசுறாங்க அண்ணாச்சி. யாழினி போயி மாமியார்கிட்ட, 'எனக்கு இது பிடிக்கலை'ன்னு சொல்றா. அவ வில்லி ஆயிருவாளேன்னு நான் பதறினா, ஜனங்க கை தட்டுறாங்களாம். என்னமோ போங்க. அதனாலதான் இவளைக் கூட்டிட்டு வரக் கிளம்பினேன். வேலைக்காகத்தான். வேற என்ன.

எடுங்க எடுங்க, போனை எடுங்க. வீட்லயா?

...பேசிட்டீங்களா? தப்பா நினைக்காதீங்க, பக்கத்துல உக்காந்திருக்கேன், காதுல விழத்தான் செய்யுது. 'ம்.' 'ம்.' 'வர்றேன், வை.' கச்சிதம். நான் எழுதினாலும் இதுக்கு மேல ஒரு எழுத்து போட மாட்டேன். அவங்க என்ன கேட்டாங்க? ஞாபகம் இல்லையா? பரவால்லை விடுங்க, ஏதாவது வாங்கிட்டு வரச் சொல்லியிருப்பாங்க.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. ஒரு ஆம்பளை, பொண்டாட்டியை வீட்டுக்கு வான்னு எப்படிக் கூப்பிடுவான்? நான் ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்றேன். 'சாப்டியா'ன்னு கேக்குறேன். 'ஆச்சு, நீங்க?'ன்னு கேப்பா. 'ஆச்சு'ம்பேன். அதோட நின்னுருது. 'கிளம்பி வா'ன்னு ஒரு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா வரலைன்னு சொல்லிட்டா? போ, வா, எடு, வைன்னு சொல்றதெல்லாம் அவங்க செய்வாங்கன்னு தெரிஞ்சு சொல்றது. செய்வாளான்னு தெரியாதப்ப எப்படிச் சொல்றது?

ஒரு சீனா எழுதிப் பாத்தேன். புருஷன் மச்சினி வீட்டுக்குப் போறான், பொண்டாட்டியைக் கூப்பிடுறான். எழுதுறேன், கிழிக்கிறேன். அவன் தணிஞ்சு பேசினா கூட்டாளிக்கிட்ட கைமாத்து கேக்குறவன் மாதிரி இருக்கு. விறைப்பா பேசினா பழைய பரணி மாதிரி இருக்கு. அழவெச்சுப் பாத்தேன், காமெடியா போச்சு. யாழினிக்கு நான் நாப்பது விதமாக் கேக்கச் சொல்லிக் குடுத்திருக்கேன். இவனுக்கு ஒண்ணுகூடத் தோணலை. நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க? இல்லை, சும்மா ஒரு பேச்சுக்கு. உங்க வீட்ல அப்படிப் போனதே இல்லையா? நல்லது. போக மாட்டாங்க. ஆனா எதுக்கும் யோசிச்சு வெச்சுக்குங்க.

சாத்தூர் தாண்டிருச்சா? அப்ப ஒரு போன் பண்ணிச் சொல்லிருவோம், திடுதிப்புன்னு போயி நின்னா நல்லாருக்காது. கொஞ்சம் இருங்க. ...யாரு, செண்பகமா? நான்தான். ...ஆச்சு. நீ? ...பஸ் சத்தம்தான். வந்துக்கிட்டு இருக்கேன். ஆமா, கோவில்பட்டிதான். ...எதுக்கா? சும்மாத்தான். இல்லை... இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு. அதான், அப்படியே... ம். ...சரி. ...சரி சரி. வை.

வேலை இருக்குன்னு சொல்லிட்டேன் அண்ணாச்சி.

'எதுக்கு வாரீங்க?'ன்னு கேட்டா. சாதாரணமாத்தான் கேட்டா. உன்னைக் கூப்பிட வாரேன்னு சொல்லியிருக்கணும், இல்லையா? பஸ்ஸுல ஏறினதுல இருந்து அதைத்தான மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு வர்றேன். வாயில வேலைன்னு வந்துருச்சு. அவ நம்பிட்டா. 'அப்ப வேலையை நல்லபடியா முடிச்சுக்கிட்டு, நேரம் இருந்தா ஒரு எட்டு வாங்க. சாயங்காலம் ஆனாலும் பரவால்லை, நாங்க கடையிலதான் இருப்போம். அவசரப்படாதீங்க'ன்னா. எவ்வளவு மரியாதையாச் சொன்னா தெரியுமா! அவசரப்படாதீங்கங்கறா. எனக்கு ஒரு அவசரமும் இல்லைன்னு அவளுக்கு யாரு சொன்னது?

இப்ப நான் நேரா போய் நின்னா, வேலை என்னாச்சும்பா. பொய்யின்னு தெரிஞ்சுரும். பொய்யின்னு தெரிஞ்சா அப்புறம் எதுக்கு வந்தேன்னு சொல்ல வேண்டி வரும்.

மெயின் ரோடு வந்துருச்சு பாருங்க. அவங்க கடை இந்தப் பக்கம்தான், ஸ்டாண்டுக்கு முன்னாடியே வந்துரும், மஞ்சள் போர்டு. அந்தா. அந்தா நிக்கிறாளே, பச்சைப் புடவை, அவதான். வெளியில லாரியில இருந்து ஏதோ மூட்டை எறக்குறாங்க போல. பஸ்ஸும் நின்னுருச்சு, சிக்னலா? அண்ணாச்சி, கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சு உக்காருங்க, என்னைப் பாத்துருவா. என்னமோ சொல்றாளே. "அங்க வைக்காத. இந்தப் பக்கம் வை. ஈரத்துல வைக்காதன்னு சொன்னேன்ல, எடு." லோடு இறக்குற ஆளைச் சொல்றா. அவன் எடுத்து வைக்கிறான்.

அது செண்பகவல்லி குரல்தானா? குரல் அதேதான். ஆனா எனக்கு அவ பேச்சு அத்தனையும் தெரியும் அண்ணாச்சி, இதை நான் கேட்டதே இல்லை. நல்லாருக்கா. உடம்பு கொஞ்சம் பூசியிருக்கு. கையை இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கிறா பாருங்க.

பஸ் எடுத்துட்டான். ஸ்டாண்டு வரப்போகுது. கண்டக்டர் என்னைத்தான் பாக்குறாரு. எந்திரிக்கணும்.

இல்லை கண்டக்டர், நான் இறங்கலை. ஆமா, கோவில்பட்டிக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். திருநெல்வேலிக்கு இன்னொண்ணு போட்டுக் குடுங்க, அங்க ஒரு வேலை இருக்கு.

இல்லை அண்ணாச்சி, வருவேன், திரும்பி வருவேன். சாயங்காலம் ஆனாலும் பரவால்லைன்னு சொல்லியிருக்கால்ல. திருநெல்வேலியில இறங்கி ஸ்டாண்டுல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாப் போதும், ஒரு வேலை முடிஞ்ச மாதிரி ஆயிரும். அதுக்குள்ள வார்த்தையும் வந்துரும்.